எடை குறைந்த நூல் மூட்டைகள்

நேற்று காய் நறுக்கும்போது விரலில் கத்தி பட்டுவிட்டது. கழுவிவிட்டுப் பஞ்சை வைத்தேன். ஈரம் தொட்ட இடத்தில் நிற்காமல் பஞ்சுக்குள் ஏறிப் பரவியது. ஏனென்று கேட்க உன் ஞாபகம் வந்தது. நீ போன பிறகு வரும் இரண்டாவது பங்குனி இது.

அதுவும் ஒரு பங்குனிதான். ராஜபாளையத்தில் ஒரு சிறிய நூல் குடோன். ஐப்பசி மழையில் எடை போட்டு அடுக்கிய மூட்டைகளை அந்த வெயிலில் மறுபடி நிறுத்தார்கள். எல்லாமே குறைந்திருந்தன. சாவி காவலாளியிடம் இருந்தது. முதலாளிக்கு அதுவே போதுமாக இருந்தது. சாவியைப் பிடுங்கிக்கொண்டு அவரை அனுப்பிவிட்டார். நானும் என் பத்திரிகைக்கு அவர் பெயரைப் போட்டுத் திருட்டுச் செய்தி எழுதி முடித்திருந்தேன். ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் பக்கத்தில் இருந்த உன்னிடம் காட்டினேன். மில்லில் நூலைப் பரிசோதிப்பவள் நீ.

"எல்லா மூட்டையுமா கொறஞ்சிருக்கு?"

"எல்லாந்தான்."

"ஒண்ணு விடாம கொஞ்சங் கொஞ்சமா உருவுறதுக்கு அவருக்கு வேற சோலி இல்லையா? ஏட்டி, அனுப்பாத. நாளைக்கு லேபுக்கு வா."

மறுநாள் ஒரு நூல்கண்டை நிறுத்தாய். அடுப்பில் காயவைத்து நிறுத்தாய், குறைந்தது. அப்படியே தராசில் விட்டாய். டீ குடித்து முடிப்பதற்குள் எண் மெல்ல ஏறத் தொடங்கியது.

"காத்துல உள்ள தண்ணிய இழுக்கு. பஞ்சுலயும் தண்ணிலயும் ஆக்சிஜனோட சேர்ந்த ஹைட்ரஜன் இருக்கு. அதுகிட்ட ஒரே ஒரு எலக்ட்ரான். ஆக்சிஜன் அதைத் தன் பக்கம் இழுத்துக்கிடும். பொறவு ஹைட்ரஜன் வெறும் மேலோட நிக்கும். ஆளும் பொடிசு, அடுத்த ஆக்சிஜன் ரொம்பக் கிட்ட வந்திரும். அதான் அம்புட்டு இழுப்பு."

"அம்புட்டு இழுப்புன்னா வெயில்ல எப்படிப் போச்சு?"

"பஸ்ஸுல கம்பியப் பிடிச்சு நிக்கோம்லா, அப்படி. மூலக்கூறுக்கும் மூலக்கூறுக்கும் நடுவுல இது கெட்டியான பிடி. ஆனா ஒரு மூலக்கூறுக்குள்ள இருக்க பிணைப்பு மாதிரி இல்ல. சூடு ஏறினா எறங்கிப் போயிரும்."

குடோன் நூலில் சில கண்டுகளை இரண்டு நாள் ஈரக்காற்றில் வைத்தாய். பழைய எடை திரும்பியது. முதலாளியே தராசுக்கு முன் நின்று பார்த்தார். கூட வந்திருந்த காவலாளி கையை நீட்டினார்.

"அப்ப எஞ் சாவியக் குடுங்க."

உன் விளக்கத்தில் பாதி இன்று எனக்குத் தப்பும் தவறுமாகத்தான் நினைவிருக்கிறது. முப்பது ஆண்டில் அச்சேற்றிய பெயர்களில் பெரும்பாலானவையும் மறந்துவிட்டன. அச்சேறாமல் நீ நிறுத்திய அந்த ஒரு பெயரை மட்டும் இனிஷியலோடு சொல்வேன்.