வெள்ளிக்கிழமையை மாத்தாத

அன்புள்ள தமிழினிக்கு, சித்தி எழுதறது. சாமி புண்ணியத்துல நானும் சித்தப்பாவும் நல்லா இருக்கோம், ஜெர்மனி குளிர்ல நீயும் காதை மூடிக்கினு நல்லா இருக்கணும். ஒடுகத்தூர்ல இருந்து மல்லாட்டைக் கடலை வந்துச்சு, வறுத்து பார்சல் போடறேன். அன்னிக்கு போன்ல நீ அழுததுல இருந்து எனக்கு மனசே ஆறல. போன்ல பேசுனா நடுவுல பூந்து பேசுவ, அதான் லெட்டர். வாரப் பத்திரிகையில வர்ற உன் கொலைக் கதையில ஆம்பூர் தோல் பேக்டரி சூப்பர்வைசரு, வெள்ளிக்கிழமை ஷிப்ட் முடிச்சிட்டு சாயந்திரம் வீட்டுக்கு வந்தேன்னு போலீஸ்கிட்ட சொல்றான் இல்ல, அதுக்குத்தான் எல்லாரும் சிரிக்கறாங்களாம். அங்கெல்லாம் ஜும்மா தொழுகைக்காக வெள்ளிக்கிழமை லீவு, ஞாயித்துக்கிழமை தானே வேலை, வெளிநாடு போனதும் மறந்துடுச்சான்னு முப்பது பேர் எழுதிப் போட்டாங்களாம். எடிட்டரு வியாழக்கிழமைன்னு திருத்தி மன்னிப்பு கேக்க சொல்றாராம். இன்னா மன்னிப்பு, எதுக்கு?

பேக்டரி டைம் ஆபீஸ்ல இருந்து ரிட்டயர் ஆன கோதண்டபாணி அண்ணன் ரேஷன் கடை க்யூவுல எல்லார் எதிர்லயும், இன்னாமா உன் பொண்ணு ஜும்மா நாள்ல பேக்டரியைத் தொறந்துட்டாளேன்னு கிண்டல் பண்ணாரு. விடுவேனா. அவ தப்பா எழுதலண்ணா, அவன் பொய் சொல்றான், கொலைகாரன் பின்ன அரிச்சந்திரன் மாதிரியா பேசுவான்னு கேட்டேன். எதிர்வீட்டு சைரா மட்டும், ஒருவேளை அவ நெஜமாவே மறந்திருந்தா இன்னா பண்றதுன்னு காதோரமா கேட்டா. யாரு மறப்பா? உன்ன அஞ்சு வயசுல இருந்து வளத்தவ நான். சித்தப்பாவுக்கு பேக்டரியில ஒரே லீவு வெள்ளிக்கிழமை, அன்னிக்கு நான் கவுச்சி அடுப்புல ஏத்தமாட்டேன், லீவு நாள்லயும் சாம்பாரான்னு அந்த மனுசன் தட்டைத் தள்ளுவாரு. ஞாயித்துக்கிழமை கறிக்கொழம்பை டிபன் கேரியர்ல எடுத்துக்கினு போய் பேக்டரி கேட்டாண்ட நின்ன பொண்ணு நீதானே. கொலைக் கதையில தப்பா தெரியற எடத்துல படிக்கிறவங்க நின்னு யோசிக்கணும், சிரிச்சிட்டுத் தாண்டிப் போனா ஏமாந்தது அவங்க. நீ விளக்கம் எழுதினா கொலைகாரனை இப்பவே காட்டிக் குடுத்த மாதிரி ஆயிடும். மறந்து எழுதினியா, வேணும்னே எழுதினியான்னு நான் கேக்கல, நீயும் சொல்லாத. மறந்ததாவே இருந்தாலும் இன்னா, கதை முடிய இன்னும் நாலு வாரம் இருக்குது, அவனை அந்த வெள்ளிக்கிழமையிலயே மாட்ட வை.

சோளிங்கர் மலையேறி உன் பேர்ல அர்ச்சனை பண்ணேன். கொலைக் கதைக்கெல்லாமா வேண்டுதல்னு சித்தப்பா சிரிச்சாரு, நரசிம்மரே கடைசி வரைக்கும் தூணுக்குள்ள ஒளிஞ்சிருந்தவரு தானேன்னேன். அவரு உனக்குத் துணை இருப்பாரு, தீர்க்காயுசா இரு. எடிட்டரு கேட்டா மன்னிப்பு இல்ல, அடுத்த அத்தியாயம்தான் இருக்குதுன்னு சொல்லு.

இப்படிக்கு,
உன் பக்கம் நிக்கிற சித்தி
சுந்தரி