கல்லுல இருக்கிறது உன் கை இல்ல, மாப்ள

பிரியமுள்ள மாப்ள சோலைமலைக்கு,

உன் மச்சான் வீரணன் எழுதுறேன். நானும் என் தங்கச்சி செல்வியும் உன் மக அபியும் சொகமா இருக்கோம். நீ இருக்கிற எடத்துலயாவது குளிர் இல்லாம இருக்கட்டும். ஏழாங்கிளாஸோட நின்னவன்தான் நான். ஆனா என் மனுவைப் படிச்சிட்டு கலெக்டரே எந்திரிச்சு நின்னாருன்னு ஊருக்குள்ள ஒரு பேச்சு உண்டு. அதைக் கிளப்பிவிட்டதும் நான்தான்.

சேதி இதுதான். அபி இப்ப போட்டோகிராபர், வில்லாபுரத்துல ஸ்டுடியோ வச்சிருக்கா. மதுரைக்குள்ள அவ கேமரா நுழையாத கல்யாண மண்டபம் கிடையாது. இப்ப நம்ம ஊரு போர் நினைவுத்தூணுல வரிசையா பத்துப் படம் எடுக்கப்போறா. குடியரசு தினத்தன்னைக்கு அங்கயே கண்காட்சி. ஒவ்வொரு படமும் ஒண்ணைக் காட்டி இன்னொண்ணைச் சொல்லணுமாம்.

யோசனை வேணும்னா மாமனைத் தானே கேக்கணும்? நான் அடுக்கினேன். வாடிவாசல் காளை ஒண்ணு தூணுக்கு முன்னால மண்டி போடணும். புகைக்குள்ள ஒரு சோடி பூட்ஸ் மட்டும் தெரியணும். கடைசிப் படத்துல நான் சல்யூட் அடிக்கணும். எல்லாத்தையும் நோட்டுல எழுதிக்கிட்டே, "காளை மண்டி போடுமா மாமா?"ன்னா. நான் சொன்னா போடும்னேன்.

போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை எடம் பாக்கப் போனோம். நீ அந்தத் தூணைப் பாத்ததில்லையே. நம்ம ஊர்ல இருந்து பட்டாளத்துக்குப் போய்த் திரும்பாத மூணு பேரோட பேரு இருக்கு. கீழே கருங்கல்லுல உன் உருவம், ரெண்டு கையிலயும் துப்பாக்கி, நெஞ்சு நெறைய மெடல். அபி ரொம்ப நேரம் கையையே பாத்தா.

"அப்பாவுக்கு இடது கையில எண்ணெய் கொட்டின தழும்பு உண்டே. அதைத் தடவிட்டுத்தான் நான் சோறு வாங்குவேன். இது யாரு கை மாமா?"

உளி பட்டதுல வழுவழுன்னு ஆகிருச்சும்மான்னு சொன்னேன். பட்டாளத்து டாக்டரு தோல் மாத்திவிட்டாருன்னும் சொன்னேன். அவ என் மூஞ்சியையே பாத்தா. அதுக்கு மேல பொய் ஓடலை மாப்ள, உள்ளதைச் சொல்லிட்டேன்.

நீ போன சேதி வந்த அன்னைக்கு பரவையில ஒரு பிளெக்ஸ் கடைக்கு ஓடினேன். கையில இருந்தது உன் பாஸ்போர்ட் போட்டோ ஒண்ணுதான். கடைக்காரரு, "உடம்பு எது போடட்டும்ணே?"ன்னாரு. அவரு கம்ப்யூட்டருக்குள்ள மாப்பிள்ளை உடம்பு, கட்சிக்காரர் உடம்பு, பட்டாளத்தான் உடம்புன்னு தனித்தனியா இருந்துச்சு. நெஞ்சு அகலமா இருந்ததைக் காட்டினேன். பின்னால கல்தச்சரும் அந்தப் பிளெக்ஸைப் பாத்துத்தான் செதுக்கினாரு. உன் தலைக்குக் கீழ யாரோ ஒருத்தன் இத்தனை வருசமா நிக்கிறான்.

நீ முகாம் சமையல்காரன். மேல காவலுக்கு நின்னவங்களுக்கு டீ எடுத்துட்டுப் போகையில பனி சரிஞ்சு மூடிருச்சு. வருசா வருசம் குடியரசு தினத்துக்குத் தூணுகிட்ட நான் மைக்குல என்ன சொன்னேன்? மொத வருசம் நீ ரெண்டு எதிரியைச் சுட்டதா சொன்னேன். போன வருசம் அது பதினொண்ணு ஆகிருச்சு. மைக்கைக் கண்டா எனக்கு எண்ணிக்கை கூடிருது.

அபி தூணோட படியில உக்காந்துட்டா. "எனக்கு ஞாபகம் இருக்கிறது அந்தக் கை ஒண்ணுதான் மாமா. அதையும் நானா கற்பனை பண்ணிக்கிட்டேனோன்னு நெனச்சிருந்தேன்." அவ்வளவுதான் சொன்னா.

செல்விகிட்ட, உனக்குத் தெரியுமான்னு கேட்டேன். அவரைக்காய் அரிஞ்சுக்கிட்டே, "புருசன் என்ன வேலை பாத்தாருன்னு பொண்டாட்டிக்குத் தெரியாதாண்ணே? நீ அழுதுக்கிட்டே பேசின. எப்பிடி நிறுத்தச் சொல்றது?"ன்னா. அப்புறம் டிரங்குப் பெட்டியில சேலைக்கு அடியில இருந்து ஒரு போட்டோ எடுத்தா. அண்டா பக்கத்துல நீ நிக்கிற. முழங்கை வரைக்கும் தழும்பு. ஊரு ஒரு கதை சொல்லும்போது வீட்டுல வேற படத்தை எப்பிடி மாட்டுறதுன்னு இத்தனை நாளா ஒளிச்சு வச்சிருக்கா.

இப்ப காளை இல்ல, புகை இல்ல. என் சல்யூட்டும் போச்சு, அதுல கொஞ்சம் வருத்தம்தான். உன் கைச்சோறு சாப்பிட்ட பட்டாளத்துக்காரங்க அவங்கவங்க தட்டோட வந்து கல்லுக்கு முன்னால நீட்டணும். மூஞ்சி தெரியாது, தட்டும் கையும்தான். மொதப் படம் மட்டும் செல்வி எடுத்துக் குடுத்த போட்டோவுல இருக்கிற உன் கை, பெருசா. நூறு பேரைத் தேடிப் பிடிச்சேன் மாப்ள. சரி, ஒம்போது. அதுல ஒருத்தரு, உன் ரசம் வாயில வைக்க வெளங்காதுன்னாரு. ஆனா அந்தப் பனியில அது ஒண்ணுதான் சூடா இருக்கும்னு சொல்லிட்டுத் துண்டால மூஞ்சியை மூடிக்கிட்டாரு.

அபி ஒரே ஒரு நிபந்தனை போட்டிருக்கா. "ஆரம்பிச்சது நீங்க, நீங்களே ஊருக்குச் சொல்லணும். இல்லாட்டி ஒரு படமும் மாட்ட மாட்டேன்." பொய்யன்னு ஊரு சிரிக்கும், சிரிக்கட்டும். எனக்குப் பயமெல்லாம், உன்னைக் கொறச்சு நெனச்சிருவாங்களோன்னுதான். நெனப்பாங்களா?

நெனச்சாலும் சொல்றேன் மாப்ள, இது சத்தியம். கொடியேத்தினதும் மைக்கைப் பிடிச்சு, சோலைமலை சமையல்காரரு, காவல்ல நின்னவங்களுக்கு டீ கொண்டு போகையில செத்தாரு, கல்லுல இருக்கிற உடம்பு அவருது இல்ல, அது நான் செஞ்சதுன்னு சொல்லுவேன். சொல்லிட்டு மைக்கை உன் மக கையில குடுத்துட்டுக் கீழ எறங்கி, ஊரோட ஊரா நின்னு கேப்பேன்.

உன் பொண்டாட்டிக்கு அண்ணன், உன் மகளுக்குத் தாய்மாமன்,
உனக்கு என்னைக்கும் மச்சான்,
வீரணன்