பட்டியலின் கடைசிப் பக்கம்

இன்று காலை ஜெராக்ஸ் மிஷினிலிருந்து சூடாக வந்த தாளின் வாசனை உன்னை நினைவுபடுத்திவிட்டது. நீ போய் இன்னும் ஒரு மாதம்கூட ஆகவில்லை. நெஞ்சுவலி என்று உன் தம்பி போனில் சொன்னான். மரக்காணத்திலிருந்து உன் ஊர் பெருமுக்கல்லுக்கு ஒரே பஸ்தான். ஆனாலும் நான் வரவில்லை. உன் முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லை.

பஸ் ஸ்டாண்டு பக்கத்து டைப்பிங் கடையில் நாம் நான்கு வருடம் எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம். நான் அடிப்பேன், நீ சரிபார்ப்பாய். காதுகுத்து நோட்டீசாக இருந்தாலும் உன் விரல் ஒவ்வொரு எழுத்தாக ஊர்ந்து போகும். முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து. "இன்னொரு தடவ பாத்துடறேண்டி" என்பாய். வந்தவர் காத்திருப்பார், முதலாளி முறைப்பார். உன் கை வியர்வையில் தாளின் ஓரம் நமுத்திருக்கும். எனக்கு எரிச்சலாக வரும். அதை நான் மறைத்ததும் இல்லை.

சுனாமிக்கு அடுத்த மாதம் தாலுகா ஆபீசிலிருந்து குப்பத்துக் குடும்பங்களின் பட்டியல் டைப் அடிக்க நம்மிடம் வந்தது. தாளின் இடப்பக்கம் இருப்பவர்கள், வலப்பக்கம் இறந்தவர்கள். அதை வாங்கிப்போக வந்த ஜீப் வாசலில் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. கடைசிப் பக்கம் உன் கையில்.

"ஒரு நிமிஷம்டி. ஏதோ ஒரு பேரு சரியில்லாத மாதிரி இருக்குது."

"உனக்கு எதுதான் சரியா இருந்திருக்குது?" என்று தாளைப் பிடுங்கிக் கொடுத்தனுப்பினேன்.

நான்காம் நாள் ஒரு பெண் இடுப்பில் குழந்தையோடு கடைக்கு வந்தாள். அவள் சத்தம் போடவில்லை.

"இதாம்மா எம் பொண்ணு. உயிரோட இருக்குது. செத்துப்போச்சுன்னு போட்டிருக்கீங்க. இவ அண்ணன்தாம்மா போய்ட்டான். அவன் பேரு இருக்கறவங்களோட இருக்குது."

குழந்தை மேசையிலிருந்த பேனாவுக்குக் கையை நீட்டியது. முதலாளி கேட்டார்: "யாரு பாத்தது இத?"

"நான்தாங்க" என்றாய்.

அடித்தவள் நான். பிடுங்கியவளும் நான். வாயைத் திறக்கவில்லை.

திருத்திய தாளை அன்றே நீயே பஸ் ஏறி ஆபீசுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தாய். இரண்டு நாளில் பட்டியல் சரியாகிவிட்டது. நீதான் சரியாகவில்லை. அதன்பின் ஒரு விலாசத்தைக்கூட உன்னால் பார்த்து முடிக்க முடியவில்லை. தாளை மேசையில் வைப்பாய், மறுபடி எடுப்பாய். சோற்று டப்பாவைத் திறக்காமலே வீட்டுக்கு எடுத்துப் போவாய்.

மறு வருடம் வேலையை விட்டாய். பஸ்ஸுக்காக உப்பளத்து ஓரமாக நின்றோம். கீற்று போட்டு மூடிய உப்புக் குவியல்களைப் பார்த்துக்கொண்டே கேட்டாய்: "நான் எப்படிடி அத பாக்காம விட்டேன்?"

நான் பிடுங்கியது உன் நினைவிலேயே இல்லை. உன் தப்பு என்பது மட்டும்தான் இருந்தது. பஸ் தூரத்தில்தான் வந்துகொண்டிருந்தது; சொல்ல நேரம் இருந்தது.

"விடுடி, பஸ் வருது" என்றேன்.

அதற்குப் பிறகு உன் நாற்காலிக்கு யாரும் வரவில்லை. நானே அடித்து நானே பார்த்துக்கொள்கிறேன். ஏதாவது பேசவேண்டுமென்று தோன்றினால் எதிரே சுவர்தான். அன்று சொல்லாத பதில் மட்டும் இத்தனை வருடமாக என்னோடு இருக்கிறது.

நீ பார்க்காமல் விடவில்லை. நான்தான் உன்னைப் பார்க்க விடவில்லை.