கோமதியின் முழங்காலில் ஒரு கறுப்புக் கோடு

செவ்வாய்க்கிழமை, இரவு

எழுத வேண்டியவை:
1. டாக்டர் பழைய எக்ஸ்ரேயைப் பார்க்கவில்லை.
2. எனக்கு எதையும் விளக்கவில்லை.
3. நானும் கேட்கவில்லை.

என் மனைவி கோமதிக்கு முழங்கால் மூட்டு மாற்றி ஒன்பது வருடம். செயற்கை மூட்டைப் பிடித்து நிறுத்த உள்ளே வைத்த சிமெண்ட் பசைபோல ஒட்டுவதில்லை. எலும்பின் நுண்துளைகளுக்குள் புகுந்து இறுகிப் பிடிக்கிறது. வருடங்கள் போகப் போக அந்தப் பிடி தளரலாம். போன வார எக்ஸ்ரேயில் சிமெண்டை ஒட்டி மெல்லிய கறுப்புக் கோடு தெரிந்தது. அது அகலமாகிக்கொண்டே போனால் மறுபடி அறுவை சிகிச்சை. அவளுக்கு எழுபத்து நாலு வயது.

ஒப்பிட்டுப் பார்க்கத்தான் முதல் வருடத்துப் படத்தையும் உறையில் போட்டுக் கொண்டுபோனேன். டாக்டர் திரைக்குப் பின்னால் அவள் காலை மடக்கி நீட்டிப் பார்த்தார். பிறகு, பாதிக் கன்னடத்தில், "ஏனூ இல்ல, ஒண்ணும் இல்ல சார், நல்லா நடக்கச் சொல்லுங்க" என்று சொல்லி அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டார். என் இத்தனை நாள் கவலைக்கு ஐந்து நிமிடம்! பஸ்ஸில் வீடு வரும்வரை உள்ளுக்குள் கொதித்தது.

சாப்பிடும்போது வெடித்துவிட்டேன். "பழைய படத்தைத் தொடக்கூட இல்லையே அந்த ஆள்!"

"நீங்க உறையை மேஜையில வச்சுட்டு, திரைக்குப் பின்னாடி என் செருப்பைத் தேடிட்டிருந்தீங்க. அப்ப ரெண்டையும் விளக்குல மாட்டி, ஸ்கேல் வச்சுப் பார்த்தாரே. கோடு அன்னைக்கும் இதே அளவுதானாம்."

"பஸ்ஸிலேயே சொல்லக் கூடாதா?"

"மூஞ்சிய ஜன்னல் பக்கம் திருப்பிக்கிட்டா யார்கிட்டச் சொல்றது?"

உறையைத் திறந்தேன். பழைய படம் தலைகீழாக இருந்தது. நான் அப்படி வைப்பதே இல்லை.

இரண்டும் மூன்றும் அப்படியே இருக்கட்டும். முதல் குறிப்பு தவறு.