முதியவருடன் இரண்டு மணி நேரம்

வாயாடிப் பேத்திக்கு,

இந்தக் காலத்துப் பிள்ளைகள் தண்ணீர் மொண்டு கொடுத்தாலும் அதற்கொரு கையெழுத்து கேட்கிறார்கள். பள்ளிக்கூடத்துச் சேவை மன்றத் தாளை நீட்டி, "படிக்கவெல்லாம் வேணாம் தாத்தா, சும்மா கையெழுத்துப் போடுங்க" என்று நேற்றுச் சொன்னாய். அதனால்தான் எழுத்துக்கூட்டிப் படித்தேன்.

நூலகம் கூட்டினாய், பூங்காவில் குப்பை பொறுக்கினாய், சரி. அதன் கீழே நாலு ஞாயிற்றுக்கிழமைக்கு, 'முதியவருடன் இரண்டு மணி நேரம்' என்று எழுதியிருக்கிறாய். யார் அந்தக் கிழவன் என்று யோசித்தேன். நாம் கேரம் ஆடிய ஞாயிறுகள் அவை.

நூலகத்துக்கும் பூங்காவுக்கும் போட்டுவிட்டேன். ஞாயிறுகளுக்குப் போடமாட்டேன். சேவை நேரம் குறைந்தால் மன்றத்திலிருந்து உன்னை எடுத்துவிடுவார்களாம், உன் அம்மா சொன்னாள். எடுக்கட்டும்.

சாப்பாடு அடுப்பு மேடையில் மூடியிருக்கிறது. வெளியே போனால் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுக்காதே. அவர்களை நம்ப முடியாது.

தாத்தா

செருப்பு மாட்டிய பிறகு திரும்பி வந்து நாலுக்கும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். தாளை நாளைக்கே கொடுத்துவிடு.

இன்னொன்று. போன வாரம் சிவப்புக் காயை எனக்கு விட்டுக்கொடுத்தாயே, அதுவும் சேவைதானா? "இல்ல தாத்தா, கை தவறிடுச்சு" என்பாய். நான் நம்பமாட்டேன். நடக்கப் போகிறேன்.