புகைக்கூடத்துப் புகை அல்ல

மேல் பிரிவு லயம்,
எஹலியகொட.
சனிக்கிழமை

கட்டுநாயக்கா கார்மென்ட் புகழ், மாண்புமிகு ஜீவராணி அக்கா அவர்களுக்கு, ஒரே தம்பி கஜீபன் பணிவோடு எழுதிக்கொள்வது.

முதலில் முக்கிய அறிவித்தல். நம் வீட்டுச் சிவப்புச் சேவல் வியாழக்கிழமை காலை பதினொரு தடவை தும்மியது. அன்றிலிருந்து கூவுவதில்லை. லயத்து வீடுகளில் யாருக்கும் நேரம் தெரியவில்லை. என் போனுக்கும் சுகமில்லை, அரிசி டின்னுக்குள் படுக்கப் போட்டிருக்கிறேன். அதனால்தான் இந்தக் கடிதம். பயாஸ் நானாவின் லொறி இன்றைக்கு உன் பக்கம் வருகிறது.

சேவல் தும்மியதற்குக் காரணம் கண்ணீர்ப்புகை. பயப்படாதே, எல்லோரும் உயிரோடுதான் இருக்கிறோம். போன வாரம் சம்பளம் கேட்டு பஸாரில் போன ஊர்வலத்தில் பொலிஸ் புகைக்குண்டு அடித்தார்கள். அதில் வெடிக்காத ஒன்று எப்படியோ பிள்ளைக் காம்பரா விறகுக்குள் வந்துவிட்டது. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் விஜயகலா அக்கா கஞ்சி வைக்க அடுப்பு மூட்டியிருக்கிறார். புகை வந்ததும், றப்பர் ஷீட் காயவைக்கும் புகைக்கூடத்துப் புகைதான் காற்றில் திரும்பி வருகிறது என்று நினைத்து, வழக்கம்போல எல்லா ஜன்னலையும் சாத்திவிட்டார். இங்கே யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். உள்ளே ஒன்பது பிள்ளைகள்.

இருமல் சத்தம் கேட்டு ஸ்டோரிலிருந்து அம்மா ஓடிவந்தார். றப்பர் பாலில் அமோனியா ஊற்றிப் பழகிய மூக்கு, ஒரே மோப்பத்தில் பிடித்துவிட்டது. கதவு ஜன்னலெல்லாம் திறக்க வைத்து, காற்று வரும் பக்கம் பார்த்துப் பிள்ளைகளை மேட்டுக்கு ஏற்றினார். கண்ணைத் தேய்த்தால் கையை ஒடிப்பேன் என்று அதட்டி, பீலித் தண்ணீரில் ஒவ்வொரு முகமாகக் கழுவி, உடுப்பைக் கழற்றிப் பையில் கட்டிப்போட்டார். நான் மட்டும் மூன்று பிள்ளைகளைத் தூக்கினேன். ஆம்புலன்ஸ் பாலத்தோடு நின்றுவிட்டது, றப்பர் பால் லொறியில்தான் இறக்கினோம். கருப்பாயி அக்காவின் தனுஷிகா மட்டும் இன்னும் ஆஸ்பத்திரியில். இரண்டு வயசுக்கு அந்த இழுப்பு கொஞ்சம் அதிகம். இப்போது தெளிகிறதாம்.

தோட்டத்துத் துரை என்ன செய்தார் தெரியுமா? ஊர்வலத்துக்குப் போனவள்தானே, இவள்தான் குண்டை ஒளித்து வைத்தாள் என்று விஜயகலா அக்காவை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார். திங்கட்கிழமை பொலிஸில் ஒப்படைப்பாராம்.

விடுவோமா? நேற்றிலிருந்து ஒரு மரத்திலும் பால் வெட்டும் கத்தி படவில்லை. பெண்கள் அத்தனை பேரும் காலையில் பேர் கூப்பிடும் பிரட்டுக் களத்தில் உட்கார்ந்துவிட்டார்கள். எழும்பச் சொல்லிக் கெஞ்சிய கணக்கப்பிள்ளையிடம், மரம் அழுதால் உங்களுக்குப் பால், நாங்கள் அழுதால் எங்களுக்குப் பொலிஸா என்று அம்மா கேட்டார். துரையின் மூஞ்சிக்கு நேராக, குண்டு அடித்தவனை விட்டுவிட்டு அழுதவளைப் பிடிப்பது என்ன நியாயம் என்று சுத்தமான சிங்களத்தில் கேட்டது நான். லயத்துப் பொடியன்கள் இப்போது என்னைத் தலைவர் என்கிறார்கள்.

அக்கா, இதுவரைக்கும் உன்னோடு அறையில் இருக்கும் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டு. மிச்சத்தை நீ மட்டும் படி.

துரையிடம் கேட்டதும் அம்மாதான். நான் அம்மாவின் முதுகுக்குப் பின்னால் நின்றேன். பிள்ளை ஒன்றைக்கூடத் தூக்கவில்லை. தனுஷிகாவின் உதடு நீலமானதைப் பார்த்ததும் கால் நகரவே இல்லை. அந்தக் குண்டைப் பஸார் சாக்கடைக் கானிலிருந்து எடுத்து வந்தது நான். வெறும் டின் என்றுதான் நினைத்தேன். என் கூட்டாளி தனுஷனின் கட்டிலுக்கு அடியில் உருட்டிவிட்டு அவன் அலறுவதைப் பார்க்க ஆசைப்பட்டு, அதுவரைக்கும் அம்மா கண்ணில் படாமல் பிள்ளைக் காம்பரா விறகுக் கட்டுக்குள் செருகி வைத்தேன். என் போனுக்கும் ஒரு நோயும் இல்லை. டின்னைக் கன்னத்தோடு வைத்துப் பல்லைக் காட்டி நான் எடுத்த படம் அதில் இருக்கிறது.

நேற்று விஜயகலா அக்கா களத்தில் எல்லோருக்கும் தேத்தண்ணி ஊற்றினார். எனக்கு மட்டும் சீனி கூடப் போட்டார்.

திங்கட்கிழமை காலை பிரட்டுக்கு முன்னால் அந்தப் படத்தை எல்லோருக்கும் காட்டப் போகிறேன். துரைக்குப் பயமில்லை. கருப்பாயி அக்காவின் முகத்தைத்தான் எப்படிப் பார்ப்பேன் என்று தெரியவில்லை. நாளைக்கு பஸ் ஏறி வந்துவிடு அக்கா. எனக்காக ஒன்றும் பேச வேண்டாம். பக்கத்தில் நின்றால் போதும்.

உன் தம்பி,
தலைவர் இல்லாத கஜீபன்