இரண்டு முதலாம் இடங்கள்

அண்ணை,

உங்கள் கொப்பியைத் திறந்ததும் நோவுக்குப் பூசும் எண்ணெய் மணம் மூக்கில் ஏறியது. பிள்ளைகளின் முழங்காலில் தேய்த்த கையாலேயே எழுதியிருக்கிறீர்கள். உங்கள் செத்தவீட்டு முப்பத்தோராம் நாள் சாப்பாடு முடிந்து புறப்படும்போது அக்கா, உங்கள் மனைவி, இதை என் கையில் தந்தார். அவர் ஏன் என்னைத் தேடித் தந்தார் என்றும் அப்போதே யோசித்தேன். என் குணம் உங்களுக்குத் தெரியும்.

லா ஷப்பலில் நான் சமைக்கும் கடையின் குசினியில், மா மூட்டைக்கு மேல் வைத்து ஒவ்வொரு பெயராகப் பார்த்தேன். ஸ்தேன் மைதானத்தில் சனிக்கிழமைகளில் நீங்கள் உதைபந்து பழக்கிய பதினாறு பிள்ளைகள். எல்லோருக்கும் அப்போது பன்னிரண்டு வயது. பெயருக்கு நேரே, திறமையைப் பார்த்து நீங்கள் போட்ட இடம். இரண்டாவது பையன் இப்போது மருந்துக்கடையில் நிற்கிறான்; பந்தைக் கண்டால் விலகி நடக்கிறான். பந்துக்கும் அவனுக்கும் ஏதோ கோபம் என்று நீங்களே சிரித்த பதினாலாவது பையன் சம்பளத்துக்கு விளையாடுகிறான். உங்கள் கணிப்பின் இலட்சணம் அது.

என் மகள் டிலானிக்கு முதலாம் இடம். பெற்றோர் கையெழுத்து வைக்க வேண்டும் என்று கொப்பியை வீடு வீடாக அனுப்புவீர்கள். கடைசியாக எங்கள் வீட்டுக்கு வந்தது. அதுவரை மைதானப் பக்கமே வராத நான், அடுத்த கிழமையே முதலாளியிடம் கெஞ்சிச் சனிக்கிழமை வேலையை மாற்றி, கடையில் பொரித்த ஒரு பெட்டி ரோல்ஸோடு வந்து நின்றேன். உண்மையாகவே முதலாவதா என்று கேட்டேன். நீங்கள் குனிந்து சப்பாத்துக் கயிறு கட்டிக்கொண்டிருந்தீர்கள்.

"கொப்பியிலை அப்பிடித்தான் கிடக்கு" என்றீர்கள். நிமிரவில்லை.

நாலு வருடம் அவளைத் தேர்வு தேர்வாக இழுத்துத் திரிந்தேன். ஒரு கழகமும் எடுக்கவில்லை. பதினாறு வயதில் சப்பாத்தைக் கழற்றிப் போட்டாள். கையில் இருந்ததை வீணாக்கினாய் என்று சொன்னேன். அதன் பிறகும் பல வருடம் பல விதமாகச் சொன்னேன். இப்போது பொண்டியில் பஸ் ஓட்டுகிறாள். நல்ல வேலைதான். அதை மட்டும் அவளிடம் சொன்னதில்லை.

"மெற்றோ டிக்கெற்றையும் வெளிச்சத்திலை பிடிச்சுப் பாக்கிற ஆள் நீர்" என்று என்னைக் கேலி செய்வீர்களே, நேற்று அந்தத் தாளையும் அப்படிப் பிடித்தேன். அவளுடைய ஒன்றுக்கு அடியில் எழுத்தை மறைக்கும் வெள்ளைப் பிளாங்கோ பூசியிருந்தது. அதற்கும் அடியில் ஒன்பது. பட்டியலில் முதலாம் இடம் இரண்டு பேருக்கு. ஒன்பதாம் இடத்தில் ஒருவருமில்லை. எதையும் நம்பாத நான் அன்று சந்தோஷத்தில் இதைக் கவனிக்கவேயில்லை.

எனக்குப் பொல்லாத கோபம் வந்தது, அண்ணை. வாராவாரம் வந்த ரோல்ஸுக்காகவா இப்படிச் செய்தீர்கள் என்றுகூட நினைத்தேன். உடனே மகளுக்குப் போன் அடித்து, நீங்கள் எங்களை ஏமாற்றிவிட்டதாகச் சொன்னேன். வழக்கம்போல் பிரெஞ்சில் பதில் சொல்லிக்கொண்டிருந்தவள் தமிழுக்கு மாறினாள்.

"அவர் இல்லை அப்பா. நான்தான் மாத்தினனான். ஒன்பதாவது பிள்ளையைப் பாக்க நீங்கள் வேலையை விட்டிட்டு வந்திருப்பியளே?"

அவளே மிச்சத்தையும் சொன்னாள். அடுத்த சனிக்கிழமை கொப்பியைத் திறந்து பார்த்தீர்களாம். பிறகு, ரோல்ஸ் பெட்டியோடு வரும் என்னைப் பார்த்தீர்களாம். கொப்பியை மூடிவிட்டீர்களாம்.

ஏன் என்னிடம் சொல்லவில்லை? இந்தச் சந்தேகம் மட்டும் இன்னும் போகவில்லை. சொல்லியிருந்தால் அவள் அத்தனை ஏச்சு வாங்கியிருக்க மாட்டாள். சொல்லியிருந்தால் நானும் மறுபடி மைதானத்துக்கு வந்திருக்க மாட்டேன். நீங்கள் இரண்டையும் நிறுத்துப் பார்த்தீர்களா, அல்லது வெறுமனே வாய் வரவில்லையா? இனி யாரிடம் கேட்பது?

வருகிற சனிக்கிழமைக்கு லீவு கேட்டிருக்கிறேன். ரோல்ஸ் பெட்டியோடு பொண்டிக்குப் போய், அவள் ஓட்டும் பஸ்ஸில் ஏறி, கடைசி நிறுத்தம் வரை இருக்கப் போகிறேன். இந்த முறை ஒன்பதாவது பிள்ளையைப் பார்க்கத்தான் போகிறேன், அண்ணை.